அரைச் சுவருக்கு ஒரு கையெழுத்து

படிவம் நிரப்புவதில் எங்கள் தெரு ஆண்களை அடிக்க இந்த ஊரில் ஆளே கிடையாது. கிழக்கேகோட்டைக்கு உள்ளே, கோயில் மதிலுக்கு நாலு எட்டில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நிற்கிற வீடுகள். முக்கால்வாசி வீட்டில் ஒரு சர்க்கார் குமாஸ்தா இருப்பார். மிச்ச வீடுகளில் ரிட்டயரான குமாஸ்தா. மற்ற தெரு ஆண்கள் சீட்டாடுவார்கள், தண்ணியடிப்பார்கள். இவர்கள் ஃபாரம் நிரப்புவார்கள். ஒரு ரஃப் காப்பி, ஒரு ஃபேர் காப்பி, இரண்டு கலர் பேனா, ஒரு ஸ்கேல். அந்த முகத்தில் அப்போது வருகிற தேஜஸைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். அப்படி அழகாக நிரப்பின ஒரு ஃபாரத்தால்தான் எங்கள் அத்தையின் பென்ஷன் நின்றுபோனது.

முதலில் வீட்டுக்கரம் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வீட்டு வரியை நாங்கள் கரம் என்றுதான் சொல்வோம். முன்பெல்லாம் கரம் என்றால் நகரசபையிலிருந்து ஒரு ஆள் வருவார். கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். இந்த வீட்டை வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்கும் என்று கேட்பார். "இந்த இடிஞ்ச வீட்டை யார் சார் எடுப்பா?" என்று அப்பா முகத்தைத் தொங்கப் போடுவார். வந்தவரும் நம்பின மாதிரி தலையாட்டி ஒரு தொகையை எழுதிக்கொண்டு போவார். கேவலமான நாடகம்தான், ஆனால் அதில் யாருக்கும் அடிபடவில்லை. பிறகு நகரசபைக்குப் பணம் போதவில்லை. வாடகைக் கணக்கெல்லாம் வேண்டாம், இனி வீட்டின் பரப்பளவை வைத்துத்தான் வரி என்று தீர்மானம் போட்டார்கள். வீட்டை நீயே அள, நீயே எழுது, நீயே கையெழுத்துப் போடு. வீட்டுக்கு ஒரு ஃபாரம் வந்தது.

எங்கள் தெருவுக்கு லாட்டரி அடித்த மாதிரி ஆகிவிட்டது.

நான் அப்போது எம்.காம். முதல் வருஷம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பா டேப்பின் ஒரு நுனியை என் கையில் கொடுத்தார். எங்கள் வீடு வரிசையில் கடைசி வீடு. ஒரு பக்கம் சந்து. இன்னொரு பக்கம் பக்கத்து வீட்டு மாமாவுக்கும் எங்களுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர், இரண்டடிக்கு மேல் தடிமன், வாசலிலிருந்து கொல்லை வரைக்கும். அந்த மாமாவும் அப்பாவும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள், பதினோரு வருஷமாகப் பேச்சு கிடையாது. எங்கள் பக்கம் அந்தச் சுவரில் ஒரு அலமாரி குடைந்தோம், அவர்கள் பக்கம் காரை உதிர்ந்தது. அவ்வளவுதான் கதை. அதற்குப் பதினோரு வருஷம்.

கொல்லைப் பக்கம் சுவர் முடிகிற இடத்தில் நின்றுகொண்டு கேட்டேன்: "எங்கேர்ந்துப்பா பிடிக்கணும்?"

"அவன் பக்கத்து ஓரத்திலேர்ந்து பிடி."

"அது எப்படி? ரெண்டு வீட்டுக்கும் பொதுவான சுவருன்னா பாதிதான் கணக்குன்னு ஃபாரத்துலயே போட்டிருக்கு."

"பொதுச்சுவருன்னு யார் சொன்னா உன்கிட்ட? என் தாத்தா கட்டின சுவர். பாதின்னு என் கையால எழுதிக் கொடுத்தா, நாளைக்கு அவன் அதைக் கொண்டுபோய்க் கோர்ட்ல வெப்பான், கேட்டியா?"

"அதுக்காக வெறுதே கரம் ஜாஸ்தி கட்டுவேளா?"

"என் சுவர், நான் கட்டறேன். நீ நேரே பிடி."

நேரே பிடித்தேன். பத்து நிமிஷம் கழித்து அதே ஓரத்துக்குப் பக்கத்து வீட்டு மாமா அவர் பையனோடு டேப்பை எடுத்துக்கொண்டு வந்தார். எங்களைப் பார்க்காத மாதிரி, எங்கள் பக்கத்து ஓரத்திலிருந்து பிடிக்கச் சொன்னார். சத்தமாக, எங்களுக்குக் கேட்கட்டும் என்று, "முழுச் சுவரும் வரணும்டா" என்றார்.

ஒரே சுவர். இரண்டு ஃபாரம். இரண்டிலும் முழுசாக. வரி கூடுகிறதே என்று ஊரெல்லாம் மொசைக் தரையை மறைத்து, மாடி அறையை மறைத்து எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், இல்லாததையும் சேர்த்து எழுதிக் கையெழுத்துப் போட்ட இரண்டே இரண்டு மேதைகள் எங்கள் வரிசையில்தான் இருந்தார்கள்.

கரம் நோட்டீஸ் வந்தது. பழைய தொகையைப் பார்த்த கண்ணுக்கு இது வேறு யாருக்கோ வந்த நோட்டீஸ் மாதிரி இருந்தது. அம்மா நாகர்கோவிலில் ஸ்கூல் டீச்சர், சனி ஞாயிறுதான் வருவாள். நோட்டீஸை ஒரு தடவை பார்த்தாள். "ஒரே சுவருக்கு ரெண்டு பேரும் கட்டறேள். நகரசபைக்காரா உங்க ரெண்டு பேரையும் யானை மேல வெச்சு ஊர்வலம் விடணும்" என்றாள். அப்பா நோட்டீஸை நாலாக மடித்துப் பெட்டியில் வைத்தார். அதில் முழு அளவும் அச்சாகி வந்திருந்ததில் அவருக்கு ஒரு சந்தோஷம்கூட இருந்தது. சத்தியமாகப் பார்த்தேன்.

இத்தோடு போயிருந்தால் சரி, நாலு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பேன்.

அத்தை அப்பாவின் தங்கை. இருபத்தாறு வயதில் புருஷன் செத்து எங்கள் வீட்டுக்கு வந்தவள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சமையல் அவளுடையது. மூன்று வேளை, லீவு இல்லாமல். அவளுக்கு விதவைப் பென்ஷன் ஒன்று வரும். சின்னத் தொகை. அதுவும் மாசாமாசம் வராது, சேர்த்து வைத்து ஓணத்துக்கும் விஷுவுக்கும் முன்னால் மணியார்டராக வரும். தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டுப் பணத்தை வாங்கியதும் அவருக்குச் சாயாக் காசு கொடுப்பாள். பிறகு புடவை மாற்றிக்கொண்டு தனியாகச் சாலைக் கடைத்தெருவுக்குப் போவாள். ஒரு சினிமாப் பத்திரிகை, ஒரு லாட்டரிச் சீட்டு, டீக்கடையில் இரண்டு பழம்பொரி, அதாவது வாழைப்பழ பஜ்ஜி. திரும்பி வரும்போது மணி நாலாகியிருக்கும். அன்றைக்கு மத்தியானம் எங்களுக்கு ஹோட்டல் சாப்பாடு. வருஷத்தில் அந்த இரண்டு நாள்தான் அவள் எங்கே போகிறேன் என்று யாரிடமும் சொல்ல மாட்டாள்.

அந்த ஓணத்துக்குத் தபால்காரர் வந்தார். எதிர்வீட்டுப் பாட்டிக்குக் கொடுத்தார், மூலைவீட்டு மாமிக்குக் கொடுத்தார். எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்.

அத்தை புடவையெல்லாம் மாற்றித் தயாராக நின்றிருந்தாள். "எனக்கு?" என்று கேட்டாள்.

"மாமிக்கு இல்லியே. இந்த தவண வந்திட்டில்ல" என்றார் தபால்காரர். இந்தத் தடவை வரவில்லையாம்.

"இன்னொரு தடவை நன்னாப் பாருமேன்."

அவர் பாவம், கட்டையெல்லாம் பிரித்து இரண்டு தடவை பார்த்தார். இல்லை.

மறுநாள் நானும் அத்தையும் நகரசபை ஆபீசுக்குப் போனோம். பென்ஷன் செக்‌ஷனில் ஒரு சேச்சி இருந்தார். பேரேட்டைத் திருப்பினார், விரலை ஓட்டினார், நிறுத்தினார்.

"மாமி தாமசிக்கிறது வலிய வீடாணல்லோ" என்றார்.

"எது பெரிய வீடு? மழை பேஞ்சா ஏழு பாத்திரம் வெக்கணும்" என்றாள் அத்தை.

"மழை எனக்குத் தெரியில்ல மாமி. பேப்பர்ல வலிய வீடு."

விஷயம் இதுதான். புது ஃபாரத்தில் வந்த அளவுகளைப் பென்ஷன் லிஸ்டோடு ஒத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு வரம்புக்கு மேல் பெரிய வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இனி பென்ஷன் இல்லை. எங்கள் வீடு வரம்பைத் தாண்டியிருந்தது. எவ்வளவு என்று கேட்டேன். சேச்சி கணக்குப் போட்டுச் சொன்னார். ஒரு கட்டில் போடுகிற இடம். அவ்வளவுதான் அதிகம். சுவரைப் பாதியாக எழுதியிருந்தால் வரம்புக்கு உள்ளே நன்றாகவே வந்திருப்போம்.

"திருத்தலாம் மோளே" என்றார் சேச்சி. "புது ஃபாரத்துல பொதுச்சுவர்னு காட்டி, ரெண்டு வீட்டுக்காரும் ஒப்பு போடணும். பட்ஜெட் பாஸாகறதுக்கு முன்னால கொண்டு வரணும். அது கழிஞ்ஞா லிஸ்ட் அடைக்கும். பின்னே அடுத்த வருஷம்தான்."

ஒப்பு என்றால் கையெழுத்து. இரண்டே இரண்டு கையெழுத்து. பட்ஜெட்டுக்கு நிறைய நாள் இருந்தது. நான் ஒரு முட்டாள், காரியம் முடிந்தது என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

அப்பா ஃபாரத்தைக் கையில்கூட வாங்கவில்லை.

"பாதின்னு எழுத மாட்டேன்."

"அத்தையோட பென்ஷன்பா."

"அவளுக்கு இங்கே என்ன குறைச்சல்? அந்தப் பிச்சைக்காசை மாசாமாசம் நானே தரேன். கூடவே தரேன்."

அத்தை சமையலறை வாசலில் நின்றிருந்தாள். குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். "நீ தந்தா நான் உனக்குக் கணக்கு சொல்லணும் அண்ணா. தபால்காரன் கணக்கு கேக்க மாட்டான்."

"நான் எப்போடி உன்கிட்ட கணக்கு கேட்டேன்?"

"போன வாரம் கேட்டே. மூணு ரூபா சில்லறை எங்கேன்னு."

அப்பா எழுந்து கோயிலுக்குப் போய்விட்டார். வாக்குவாதத்தில் தோற்கிற நேரத்தில் அவருக்குப் பக்தி வரும்.

பக்கத்து வீட்டுக்குப் போனேன். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் படி ஏறினேன். மாமா ஈஸிசேரில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாமி காப்பி கொண்டுவந்து வைத்தாள். நல்ல காப்பி. சொல்லி முடித்தேன்.

"எனக்கு ஒரு ஆட்சேபமும் இல்லை குழந்தே" என்றார் மாமா. "உங்கப்பாவை முதல்ல போடச் சொல்லு."

"அவர் உங்களை முதல்ல போடச் சொல்றார்." இது பொய். அப்பா போடவே மாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார்.

"அதானே பார்த்தேன். நான் பாதின்னு போட்டுக் கொடுப்பேன், அவன் அதை வாங்கிப் பெட்டியில வெச்சுண்டு, மிச்சப் பாதியும் என்னதும்பான். எனக்குத் தெரியாதா அவனை? மூணாங்கிளாஸ்ல என் பென்சிலை எடுத்துட்டு இல்லைன்னு சாதிச்சவன்."

"மாமா, உங்களுக்கும் கரம் குறையுமே."

"கரம் கிடக்கட்டும். மானம்னு ஒண்ணு இருக்கோல்லியோ?"

எனக்கு அந்தக் காப்பி டம்ளரை அந்தச் சுவரிலேயே வீசி அடிக்கத் தோன்றியது. மாமி முகத்துக்காக வைத்துவிட்டு வந்தேன். இப்படியே நாள் போயிற்று. நான் இங்கே கேட்பேன், அங்கே கேட்பேன். அப்பா கோயிலுக்குப் போவார், மாமா பேப்பரைத் திருப்புவார். அத்தை ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை.

பட்ஜெட் அன்றைக்கு நானே கவுன்சிலுக்குப் போனேன். பார்வையாளர் இடத்தில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று யாரோ சொன்னார்கள். எங்கள் வார்டு கவுன்சிலரிடம் முன்தினமே ஒரு மனு கொடுத்திருந்தேன், லிஸ்டை இன்னும் ஒரு மாசம் திறந்து வைக்கச் சொல்லி. "பறயாம், தீர்ச்சயாயிட்டும் பறயாம்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நிச்சயமாகப் பேசுகிறேன் என்று அர்த்தம்.

அந்தச் சட்டைப் பையைத்தான் மூன்று மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கரத்தை ஏற்றினதைப் பற்றி ஒரு கட்சிக்காரர் கத்தினார், இன்னொரு கட்சிக்காரர் நீங்கள் இருந்தபோது ஏற்றவில்லையா என்று கத்தினார். பிறகு ஒரு ஜங்ஷனில் நீரூற்று வைக்கிற விஷயம் வந்தது. அப்போதுதான் சபைக்கு உயிரே வந்தது. நீரூற்று இந்த வார்டு எல்லையில் வருகிறதா, அந்த வார்டு எல்லையில் வருகிறதா என்று இரண்டு பேர் எழுந்து நின்றார்கள். ஒருவர் மேஜை மேல் ஏறப் பார்த்தார். மின்விளக்கோடா விளக்கில்லாமலா என்று அரை மணி. ரோடு நடுவே இரண்டு கையகல இடம், அது யாருடையது என்று. அங்கே உட்கார்ந்திருந்த எனக்கு எங்கள் கொல்லையில் டேப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரியே இருந்தது. வெறுத்துப்போய்ச் சிரித்தேன். பக்கத்திலிருந்தவர் முறைத்தார்.

கடைசியில் கூச்சலோடு கூச்சலாக மேஜையைத் தட்டி பட்ஜெட் பாஸ். பென்ஷன் லிஸ்ட் என்ற வார்த்தை வரவே இல்லை. எங்கள் கவுன்சிலர் வெளியே வரும்போது என்னைப் பார்த்துக் கைகாட்டினார். மனு அதே பையில், மடிப்புக் கலையாமல் இருந்தது.

மறுநாள் அத்தை என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடியும் அந்த சேச்சியிடம் போனாள். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார்.

"இனி அடுத்த வருஷம் நோக்காம் மாமி. நான் எந்து செய்யும்? வீட்டு லிஸ்ட்ல பேர் இருக்கு."

"வீட்டு லிஸ்ட்ல பேர் இல்லேன்னா?"

"இல்லேன்னா கிட்டும். ஹாஸ்டல்லயோ மற்றோ தாமசிக்கிறவங்களுக்கு ஒரு பிரச்னமும் இல்ல. ஹாஸ்டல் எத்தனை பெரிசானாலும் வீடு இல்லல்லோ. அட்ரஸ் மாத்திக் கொடுத்தாப் போதும், அதுக்கு லிஸ்ட் அடைச்சது தடையில்ல."

அத்தை அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டாள். பஸ்ஸில் வரும்போது, "உன் ஃப்ரெண்டு ஒருத்தி தம்பானூர்ல லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்காளே, சாப்பாடு சகிக்கலைன்னு சொன்னியே" என்றாள்.

"ஆமா. சமையல்காரி ஓடிப்போயிட்டாளாம்."

"கூட்டிண்டு போ."

விளையாடுகிறாள் என்று நினைத்தேன். ஹாஸ்டல் வார்டன் ஒரு டீச்சரம்மா. முப்பது பேருக்குச் சமைக்க முடியுமா என்று கேட்டார். "இருபத்திரண்டு வருஷமா லீவில்லாம சமைக்கறேன். ஞாயித்துக்கிழமை லீவு உண்டா?" என்று அத்தை திருப்பிக் கேட்டாள். உண்டு. ஒரு அறை உண்டு, சம்பளமும் உண்டு. அடுத்த வியாழக்கிழமை, அப்பா ஆபீசில் இருந்த நேரம், ஒரு ட்ரங்குப் பெட்டியோடு ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள். சாம்பாரை இறக்கி மூடி வைத்துவிட்டுத்தான் போனாள்.

அப்பா தெருவில் என்ன சொன்னார் தெரியுமா? கல்லிடைக்குறிச்சியில் ஒரு கல்யாணம், உதவிக்குப் போயிருக்கிறாள் என்றார். எட்டு நாள் அந்தக் கல்யாணத்தை நடத்தினார். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்றுகூடச் சொன்னார். அம்மா ஸ்கூல் பரீட்சை வேலையில் அந்த மாசம் வரவில்லை; வீட்டில் நானும் அவரும் ரசம் என்ற பெயரில் எதையோ குடித்துக்கொண்டிருந்தோம். அந்த வாரம் முழுக்க அவர் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி, புளி எங்கே இருக்கிறது என்பது.

ஒன்பதாம் நாள், தம்பானூரில் ரயிலிறங்கி வந்த யாரோ அத்தையைக் காய்கறிக் கடையில் பார்த்துவிட்டார்கள். தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. ஒரு சுவருக்காக அண்ணா தங்கையை ஹாஸ்டலில் சமைக்க அனுப்பிவிட்டான் என்று அப்பாவுக்குக் கேட்கிற மாதிரியே பேசினார்கள். பக்கத்து வீட்டு மாமாவையும் விடவில்லை. அவர் வீட்டு மாமி அவரோடு பேச்சை நிறுத்திவிட்டதாகக் கேள்வி. அத்தைக்குப் பென்ஷன் போனபோது இந்தத் தெருவில் ஒருத்தருக்கும் வாய் திறக்கவில்லை. நாணக்கேடு என்று வந்ததும் எல்லாருக்கும் கருணை பொத்துக்கொண்டு வந்தது.

அன்றைக்கு மாலை ஒரு நிமிஷத்தில் முடிந்தது. அப்பா கையெழுத்துப் போட்ட ஃபாரத்தை நான் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். மாமா இரண்டு தடவை படித்தார், பேனாவைத் திறந்தார், போட்டார். ஒரு நிமிஷம். இதற்குத்தான் இத்தனை மாசம் காத்துக்கிடந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு ஹாஸ்டலுக்குப் போனார். ஆண்கள் கேட்டுக்கு வெளியேதான் நிற்க வேண்டும். வாட்ச்மேன் அவரை ஒதுங்கி நிற்கச் சொன்னார். அத்தை வந்தாள். லீவு நாள், வெளியே கிளம்பத் தயாராக இருந்தாள்.

"ரெண்டு பேரும் போட்டாச்சு. ஆத்துக்கு வா" என்றார் அப்பா.

அத்தை ஃபாரத்தை வாங்கிப் பார்த்தாள். "இது இனிமே அடுத்த வருஷ லிஸ்டுக்குத்தானே அண்ணா?"

"ஆமா. அதனால என்ன? கையெழுத்து போட்டாச்சோல்லியோ?"

"அப்போ அடுத்த வருஷம் வரேன். இப்போ வந்தா இந்த வருஷப் பென்ஷனும் போயிடும். அட்ரஸ் மாத்திக் கொடுத்தாச்சு."

"நீ ஊர்ப் பொண்ணுகளுக்கெல்லாம் வடிச்சுக் கொட்டிண்டிருக்கே, எனக்குத் தெருவுல தலை காட்ட முடியலை."

"அவா சாப்பிட்டுட்டு நன்னாருக்குன்னு சொல்றா" என்றாள் அத்தை. ஃபாரத்தை அவர் கையில் திருப்பிக் கொடுத்தாள். என்னைப் பார்த்து, "ரசப்பொடி மேல் தட்டுல இருக்கு, நீல மூடி" என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தாள்.

நாங்கள் திரும்பி நடந்தோம். அப்பா என்னை விட்டு முன்னால் நடந்தார். அழுகிறாரோ என்று நினைத்து நான் இரண்டடி பின்னாலேயே வந்தேன். ரயில்வே ஸ்டேஷன் தாண்டினதும் நின்றார். சட்டைப் பையிலிருந்து ஃபாரத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் முகத்தில் அந்தத் தேஜஸ்.

"பார்த்தியா, அவன் கையெழுத்து போட்டுட்டான்" என்றார். "இத்தனை வருஷமா முழுச் சுவரும் என்னதுன்னு குதிச்சான். இப்போ பாதி நம்மளோடதுன்னு அவன் கைப்பட ஒத்துண்டிருக்கான். இது ரெக்கார்டு. இனி எந்தக் கோர்ட்லயும் அவனால மறுக்க முடியாது."

எனக்கு வாயில் கெட்ட வார்த்தை வந்துவிட்டது. மலையாளத்தில். லாரி சத்தத்தில் அவர் காதில் விழவில்லை.

"அந்த ஜெராக்ஸ் கடை திறந்திருக்கு பாரு. மூணு காப்பி எடுத்துண்டு வா. கையெழுத்து தெளிவா விழணும்" என்று ஃபாரத்தை நீட்டினார்.

எடுத்துக் கொடுத்தேன். முதல் காப்பியில் மாமாவின் கையெழுத்து மங்கலாக விழுந்தது என்று நானே இன்னொன்று எடுக்கச் சொன்னேன்.